லினக்ஸுக்குத் தமிழ் தெரியாது என்றார்கள்

முதலில் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தோல் வெட்டும் கத்தியைப் பிடித்துப் பழகிய கை இது. பேனாவை அழுத்தினால் தாள் கிழிகிறது, லேசாகப் பிடித்தால் எழுத்து விழுவதில்லை. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு. தாராவி முனிசிபல் பள்ளியில் தமிழில் ஐந்தாவது வரைதான் படித்தேன். பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் நடந்தபடியே எழுதியிருக்கிறேன்.

இதை அன்றைக்கே நாலு பேர் நடுவில் வாயால் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அது வராது. இரண்டு பேருக்கு மேல் என்னைப் பார்த்தால் நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் சபையில் முப்பது வருடமாக இருக்கிறேன். ஒரு நாளும் வேதபாடம் வாசித்ததில்லை, பாடகர் குழுவில் நின்றதில்லை, காணிக்கைத் தட்டு எடுத்துப் போனதில்லை. எனக்குக் கிடைத்த ஒரே இடம் கடைசி பெஞ்சுக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கம்ப்யூட்டர் மேசை. ஞாயிற்றுக்கிழமை பாட்டு ஆரம்பித்ததும் வரிகளை ஒவ்வொன்றாகச் சுவரில் காட்டுவது என் வேலை. அங்கே உட்கார்ந்தால் எல்லோருடைய முதுகும்தான் எனக்குத் தெரியும், என்னை யாரும் பார்க்க முடியாது. இதைவிட நல்ல இடம் எனக்கு இந்த ஊரில் கிடையாது.

ஐந்தாவது படித்தவனுக்குக் கம்ப்யூட்டர் எப்படி என்று கேட்பீர்கள். தோல் பட்டறைக்கு வருவதற்கு முன்னால், வாலிபத்தில், தாராவியிலேயே லேபர் கேம்ப் என்கிற பகுதியில் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் ஒன்பது வருடம் இருந்தேன். முதலில் பத்திரிகை மடிக்கிற வேலை. பிறகு டைப் அடிக்கிற ஆள் ஊருக்குப் போய்விட்டதால் அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். அங்கே இருந்த தமிழ் எழுத்துக்கு ஒரு கணக்கு உண்டு. கட்டையில் சின்ன எம்மைத் தட்டினால் திரையில் அ விழும். பெரிய எம் தட்டினால் ஆ. அரைப்புள்ளியைத் தட்டினால் மெய்யெழுத்தின் தலையில் புள்ளி வரும். இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறும் இப்படித்தான் எனக்கு அறிமுகம். இங்கிலீஷாக எனக்கு அவற்றைத் தெரியாது. எம் என்றால் என் மனதில் அ என்றுதான் ஓடும். டீக்கடைப் பலகையில் இங்கிலீஷில் டீ என்று எழுதியிருந்தால்கூட என் கண் அதை வேறு எதுவாகவோ வாசித்துவிட்டுத்தான் திரும்பும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் அலுவலகம் வேண்டாம் என்று ஒதுக்கிய கம்ப்யூட்டர் ஒன்று சபைக்கு வந்தது. அச்சகத்தில் பழகிய அதே எழுத்தை அதில் போட்டுக்கொண்டேன். பட்டறை முடிந்து வந்து, பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பாட்டுக்கு ஒரு கோப்பு என்று அடிக்க ஆரம்பித்தேன். முடிய மூன்று வருடமாயிற்று. ஐந்நூறு பாட்டுக்கு மேல் இருக்கும். பிறகு பிள்ளைகள் வந்து, எங்களுக்குத் தமிழ் வாசிக்க வராது, அதையே இங்கிலீஷ் எழுத்திலும் போடுங்கள் என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. படிப்பெல்லாம் இங்கிலீஷ், விளையாட்டெல்லாம் இந்தி. பாடகர் குழுப் பெண்கள் அதை அடித்துக் கொடுத்தார்கள். மேலே தமிழ், கீழே இங்கிலீஷ் எழுத்து என்று சுவரைப் பாதியாகப் பிரித்தோம். எல்லோரும் பாடினார்கள். புத்தகத்துப் பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாதவர்கள், என்னைப் போல எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர்கள், மாட்டுங்காவில் வீட்டுவேலை செய்துவிட்டு நேராகக் கோயிலுக்கு வருகிற பெண்கள், இவர்களெல்லாம் மேல்பாதியைப் பார்த்தார்கள். இளசுகள் கீழ்பாதியைப் பார்த்தார்கள்.

போன வருடம் அந்தக் கம்ப்யூட்டர் கிழடு தட்டிவிட்டது. விண்டோஸ் திறப்பதற்குள் ஜெபம் முடிந்துவிடும். யார் யாரோ செருகிய பென்டிரைவில் வைரஸ் வேறு. கடைசியில், இந்த விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்பு வராது, புதியதற்கு மாறுங்கள் என்று திரையில் வந்த அறிவிப்பைப் பிள்ளைகள் வாசித்துச் சொன்னார்கள். புதியதைத் தாங்குகிற வயது அந்தப் பெட்டிக்கு இல்லை.

எங்கள் செயலாளர் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது சுனாபட்டியில் இருக்கிறார். அவருடைய தங்கை மகன் ஐரோலியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். புதுப் பெட்டி எதுவும் வேண்டாம், விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டால் பழையது குதிரை மாதிரி ஓடும் என்று அவன் சொல்லியிருக்கிறான். அவன் சொன்னது சரிதான். அதை இன்றைக்கும் சொல்வேன். லினக்ஸ் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்தத் தம்பி வந்தான். நான் அதே மேசைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்து, "அங்கிள், சாய் மிலேகா க்யா?" என்று கேட்டான். கோயில் கூட்டுகிறவன் என்று நினைத்திருப்பான். நான் போய் டீ வாங்கிக்கொண்டு வந்தேன். இதுதான் நான் செய்த முதல் தப்பு. அந்த மேசை என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும்.

அவன் கெட்ட பையன் இல்லை. பாட்டுகள் இருந்த அடைவு, அதாவது ஃபோல்டர், முழுவதையும் முதலில் தன் பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டான். அப்புறம் இன்னொரு பென்டிரைவைச் செருகி, பெட்டியை அணைத்துப் போட்டு, மேல்வரிசைக் கட்டை ஒன்றைத் தட்டிக்கொண்டே இருந்தான். புதுத் திரை ஒன்று வந்தது. ஏதேதோ கேட்டது, எல்லாவற்றுக்கும் ஆமாம் சொன்னான். ஓரிடத்தில் மட்டும், பழையது எல்லாம் அழிந்துவிடும், சரியா என்று கேட்டது போலிருக்கிறது. அங்கே கை ஒரு நொடி நின்றது. பிறகு அமுக்கினான். காதில் கம்பி மாட்டிக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டேதான் இவ்வளவும். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பாட்டு அடைவைத் திரும்பப் போட்டான். ஒரு பாட்டைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. இதை வைத்துப் பன்னிரண்டு வருடமாக வேலை செய்கிறவர் யார், அவருக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று மாமாவும் சொல்லவில்லை, மருமகனும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கடவுச்சொல்லை ஒரு துண்டுத்தாளில் எழுதித் திரையில் ஒட்டிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் ஆராதனை. முதல் பாட்டைத் திறந்தேன். பெட்டி உண்மையிலேயே குதிரை மாதிரி ஓடியது. சுவரில் கீழ்பாதி சரியாக இருந்தது. மேல்பாதியில் தமிழைக் காணோம். பெரிய எம், இசட், அரைப்புள்ளி, எல், டி என்று இங்கிலீஷ் எழுத்துகள் வரிசை வரிசையாகக் கொட்டிக் கிடந்தன. சபை பாட்டை ஆரம்பித்துவிட்டது. இளசுகள் பாடினார்கள், சிலர் சிரித்தார்கள். முன்வரிசைப் பெண்கள் இரண்டாவது வரியில் தடுமாறி மூன்றாவதில் நின்றுவிட்டார்கள். முதுகுகளாக மட்டும் எனக்குத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் எனக்கு மட்டும் நடந்ததைச் சொல்கிறேன். நான் அதை வாசித்தேன். பெரிய எம் ஆ, இசட் ண, அரைப்புள்ளி புள்ளி, எல் ட, டி வ. ஆண்டவரே என்றுதான் எழுதியிருந்தது. என் விரல்கள் எந்தக் கட்டையைத் தட்டினவோ அந்தக் கட்டைகள் அப்படியே சுவரில் இருந்தன. ஓர் எழுத்துகூடத் தொலையவில்லை. பாட்டு முழுக்க இருந்தது. உடுப்பு மட்டும் இல்லை. விண்டோஸோடு சேர்ந்து நான் போட்டிருந்த அச்சகத்து எழுத்துருவும் அழிந்துபோயிருந்தது. மேசைத்திரையில் மேலே பார்த்தேன். எழுத்துருவின் பெயர் அதன் கட்டத்தில் அப்படியே இருந்தது, சாய்ந்த எழுத்தில். பேர் இருக்கிறது, ஆள் ஊரில் இல்லை.

இது எனக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. எழுந்து சொல்ல ஒரு வாக்கியம் போதும். நான் எழுந்திருக்கவில்லை.

செயலாளர் அறிவிப்பு நேரத்தில் மைக்கைப் பிடித்தார். பழைய கோப்புகள் எல்லாம் கெட்டுப்போய்விட்டன என்றார். லினக்ஸுக்குத் தமிழ் தெரியாதாம், மருமகனிடம் போனில் கேட்டுவிட்டேன் என்றார். இனிமேல் இங்கிலீஷ் எழுத்து மட்டும் போதும், இந்தக் காலத்தில் யார் தமிழ் வாசிக்கிறார்கள் என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். முன்வரிசையில் வாசிக்கிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இதைச் சொல்ல ஒரு மனிதருக்கு எப்படி முடிகிறது?

ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"வே, அந்தப் பழச எல்லாம் சனிக்கிழமைக்குள்ள அழிச்சிரும். இனிமே வாலிபர் சங்கத்துப் பிள்ளைய பாட்டப் பாத்துக்கிடுவாவ. நீரும் எத்தன வருசமா இந்த மூலைல கெடக்கீரு, முன்னால வந்து உக்காரும்."

முன்னால் வந்து உட்காரச் சொன்னதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடச் சுட்டது. ஏதோ எனக்குப் பதவி கொடுக்கிற மாதிரி. நான் சரி என்றோ இல்லை என்றோ சொல்லாமல் தலையை ஆட்டினேன். என் தலையாட்டலை யாரும் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அங்கனயே சொல்லுததுக்கு என்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்திய?" என்றாள். உனக்கு என்ன தெரியும் என்று கத்தினேன். "எங்கிட்ட மட்டும் நல்லா கத்துவிய," என்றாள்.

அது உண்மை. அந்த வாரம் முழுக்க வீட்டில் கத்தினேன். குழம்பில் உப்பு இல்லை என்று கத்தினேன், உப்பு இருந்தது. பட்டறையில் ஒரு நல்ல தோலை அளவு தப்பாக வெட்டினேன். மூன்று வருடம் நான் அடித்ததை அழித்துவிடு என்று என் கையிலேயே கொடுக்கிறார்கள். அடித்தவனையே அழிக்கச் சொல்வது என்ன நியாயம்? அவருக்கு அது என் உழைப்பு என்றே தெரியாது. பாட்டெல்லாம் பெட்டியோடு சேர்ந்து வந்தது என்று நினைத்திருக்கிறார்.

புதன்கிழமை பட்டறையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பழைய அச்சகத்துக்குப் போனேன். முதலாளி இறந்துவிட்டார், இப்போது அவர் மகன் நடத்துகிறார். கல்யாணப் பத்திரிகையெல்லாம் புது மாதிரி எழுத்தில்தான் அடிக்கிறார்களாம். பழைய எழுத்துரு இருக்கிறதா என்று கேட்டேன்.

"மரண போஸ்டருக்கு இன்னைக்கும் அதாம்ணே. அதுல போட்டாத்தான் செத்தவருக்கு மரியாதன்னு சொல்லுதாவ," என்றார். "ஆமா, யாரு போய்ட்டா?"

யாரும் போகவில்லை என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். இவ்வளவுதான். கெட்டுப்போன கோப்புகள் என்று மைக்கில் சொன்னார்களே, அதற்கு மருந்து கோயிலிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்தது.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கோயிலில் நான் மட்டும். மேசையில் உட்கார்ந்து தாளில் இருந்த கடவுச்சொல்லை அடித்தேன். எல்லாம் இங்கிலீஷ். எந்தப் பட்டன் என்ன செய்யும் என்று தெரியவில்லை. அழிக்கிற பட்டனைத் தட்டிவிட்டால் என்ன செய்வது என்று பயம். அமைப்புகளுக்குள் போய், உலகப் படம் போட்ட ஒரு பொத்தானைத் திறந்தேன். ஒரு பட்டியல் வந்தது. எனக்குத் தெரியாத எத்தனையோ மொழிகளின் எழுத்துகள். உருட்டிக்கொண்டே கீழே போனேன். தமிழ் என்று தமிழிலேயே எழுதியிருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கெட்ட வார்த்தைதான் வாயில் வந்தது. கோயிலுக்குள் இருக்கிறேன் என்பதால் விழுங்கினேன். லினக்ஸுக்குத் தமிழ் தெரியாதாம்! கேட்டவருக்கும் தெரியாது, சொன்னவனுக்கும் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பட்டியலைக் கடைசிவரை உருட்டிப் பார்க்கவில்லை.

கைபேசியில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தேன். எதையோ இறக்கிக்கொண்டது. அணைத்துவிட்டுத் திரும்ப வரச்சொன்னது. வந்தபோது கோப்புகள், அச்சிடு, திற, மூடு என்று எல்லாம் தமிழ். அத்தனை வருடமும் விண்டோஸில் நான் சொற்களை வாசித்ததே இல்லை. மூன்றாவது படம், அதில் இரண்டாவது வரி என்று இடத்தை வைத்தே மனப்பாடம் பண்ணியிருந்தேன். இப்போது முதல்தடவையாகப் பெட்டி என்ன கேட்கிறது என்று எனக்குத் தெரிந்தது. பென்டிரைவில் இருந்த எழுத்துருவை இரண்டு தட்டுத் தட்டினேன். அ, ஆ என்று மாதிரி காட்டி, ஓரத்தில் ஒரு பட்டனைக் காட்டியது. நிறுவு என்றிருந்தது. அந்தச் சொல்லை நான் கோயில் வாசல் கல்வெட்டில்தான் பார்த்திருக்கிறேன், சபை நிறுவப்பட்ட வருடம் என்று. தட்டினேன். பாட்டைத் திறந்தேன். ஆண்டவரே என்று தமிழில் நின்றது.

ஐந்நூறு பாட்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து, ஒரு பார்வை பார்த்து மூடினேன். சில இடங்களில் வரி உடைந்து கீழே இறங்கியிருந்தது, சரிபண்ணினேன். வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் ஏழு மணிக்கு ஒத்திகைக்கு வந்தபோதுதான் எழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மேல்பாதியில் தமிழ் வந்தது. முன்வரிசைப் பெண்களின் குரல் கடைசி பெஞ்சுவரை கேட்டது. அறிவிப்பு நேரத்தில் செயலாளர் மைக்கைப் பிடித்தார். தம் மருமகனின் முயற்சியால் கோப்புகள் மீட்கப்பட்டன என்றும் அவனுக்காகச் சபையார் ஜெபிக்க வேண்டும் என்றும் சொன்னார். சபையார் கைதட்டினார்கள். என் மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையோடு வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் பேசினேன் என்று நினைக்கிறேன்.

எல்லோரும் கலைந்த பிறகு செயலாளரின் அறைக்குப் போனேன். அவர் தனியாக இருந்தார்.

"அண்ணாச்சி, ஒங்க மருமவன் சரி பண்ணல. நாந்தான் பண்ணுனேன்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நான் பேசியதே அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். "அப்பிடியா? அவம் வீட்ல இருந்தே ஏதோ செஞ்சிருப்பாம்னுல்லா நெனச்சேன்," என்றார். பிறகு சிரித்தார். "எல்லாம் ஆண்டவருக்குத்தான வே. யாரு பண்ணுனா என்ன?"

"அப்ப அவுக பேரையும் சொல்லாம இருந்திருக்கலாம்லா."

சிரிப்பு நின்றது. சரி, தமிழை அழிக்க வேண்டாம், ஆனால் இங்கிலீஷை மேலே போட்டுத் தமிழைக் கீழே சின்னதாகப் போட்டுவிடும் என்றார். மாற்ற மாட்டேன் என்றேன். கமிட்டியில் வைக்கட்டுமா என்று கேட்டார். வையுங்கள், நானும் வருகிறேன் என்றேன். கமிட்டி என்றால் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கு முன்னால் எப்படிப் பேசப்போகிறேன் என்று யோசிக்காமலே சொல்லிவிட்டேன். கோபத்துக்கு அந்த ஒரு குணம் உண்டு.

கமிட்டியில் நான் பேசியது அதிகமில்லை. ஒருவர் முகத்தையும் பார்க்காமல், மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "இங்கிலீஷ் வாசிக்கிறவங்களுக்குக் கண்ணு நல்லாருக்கு, கீழ சின்னதா இருந்தாலும் வாசிச்சிருவாவ. தமிழ் வாசிக்கிறவங்க எல்லாருக்கும் வயசாயிட்டு. பெரிசா மேல இருந்தாத்தான் தெரியும். அத எறக்கச் சொன்னா நான் அந்த மேசைல உக்கார மாட்டேன்." போதகர், இருப்பது இருக்கட்டும் என்றார். அடுத்த விஷயமாகக் கழிப்பறைக் கதவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

தமிழ் மேலேயே இருக்கிறது. நான் படிக்குக் கீழேயே இருக்கிறேன். மைக்கில் சொன்னதை மட்டும் யாரும் மைக்கில் திருத்தவில்லை. சபையில் பாதிப் பேருக்கு இன்னும் அந்தத் தம்பிதான் மீட்டவன். மனைவி விடு என்கிறாள். போன வாரம் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம். வசனத்தைச் சுவரில் காட்டியது நான்தான். பெரிய எழுத்தில், சரியான நேரத்தில் காட்டினேன். எனக்கு நேராக முன்னால் செயலாளரின் முதுகு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அந்த வசனத்தை வாசித்துப் பார்த்தேன். மனம் வரவில்லை. அடுத்த பக்கத்துக்குப் போகப் பட்டனைத் தட்டினேன்.

தாராவி,
ஞாயிற்றுக்கிழமை, 15 பிப்ரவரி 2026.